மரத்துக்காரர்கள்

தாழைக்குளத்துச் சங்கத்தில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். குருவின் தலையில் ஒரு நரைகூட இல்லை. சீடருக்கு மூட்டுவலி, சர்க்கரை, பென்ஷன் மூன்றும் உண்டு.

குரு, வடிவு டாக்டர். ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். சீடர், சிவசைலம். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஓய்வு பெற்ற மறுவாரம் அவர் குளத்தங்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, மரத்திலிருந்து ஒரு நாரைக்குஞ்சு பொத்தென்று காலடியில் விழுந்தது. எப்படித் தூக்குவதென்று தெரியவில்லை. வீட்டுக்கு ஓடி, வழியனுப்பு விழாவில் போர்த்திய பொன்னாடையை எடுத்துவந்து, அதில் சுற்றி டாக்டரிடம் கொண்டுபோனார். குஞ்சு பிழைத்தது. பொன்னாடை பிழைக்கவில்லை.

"இனிமே நீங்கதான் எனக்கு குரு" என்றார்.

"குரு கிடக்கட்டும் அண்ணாச்சி. சங்கத்துக்குச் செயலாளர் இல்லாம தவிக்கோம். வாரீங்களா?"

வந்தார். ஆனால் சீடராக இருப்பதையும் விடவில்லை. கேள்வி என்று ஏதாவது வந்துவிட்டால் டாக்டர் எங்கிருந்தாலும் தேடிப்போய்க் கேட்டுவிடுவார். டாக்டர் பதில் சொல்வதுதான் குறைவு.

சங்கத்தின் வேலை இதுதான். மாசியில் வர்ண நாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து குளத்துக் கருவேல மரங்களில் கூடு கட்டும். வைகாசியில் கச்சான் என்கிற மேல்காற்று ஆரம்பித்தால் கூட்டிலிருந்து குஞ்சுகள் விழும். விழுகிற குஞ்சை நாய் எடுப்பதற்கு முன்னால் ஆள் எடுக்க வேண்டும். அதற்காக மரத்தடிகளில் வலை கட்டி, பகல் முழுக்கக் காவல் இருக்க வேண்டும். எடுத்த குஞ்சைக் கொட்டகையில் வைத்து, மீன் ஊட்டி, சிறகு விரிகிறவரை பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளம் கிடையாது. வெயில் தாராளமாக உண்டு.

சிவசைலம் வந்ததும் சங்கத்துக்கு ஒரு ஒழுங்கு வந்தது. காவல் இருந்து, எடுத்த குஞ்சையும் பார்த்துக்கொள்கிற வலைக் குழு, மீன் குழு, கல்யாண வீடுகளுக்குப் போய் வெடி போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிற வெடிக் குழு என்று பிரித்தார். குழுவுக்கு ஒரு நிறத்தில் பேட்ஜ். அந்த நிறம் இல்லாதவர் அந்த இடத்துக்குள் வரக்கூடாது. எல்லோருக்கும் எல்லா அனுபவமும் கிடைக்க வேண்டும் என்று மாதம் ஒருமுறை குழு மாற்றினார். பாராட்டுப் பத்திரம் கொடுத்தார். 'இம்மாத நட்சத்திரம்' என்று ஒருவரின் படத்தைக் கொட்டகை வாசலில் ஒட்டினார். கூட்டம் நடந்தால் அதில் பாதி நேரம் நன்றி சொல்வதிலேயே போகும். மனிதர் அவ்வளவு மனதார நன்றி சொல்வார்.

முதல் வருடம் ஊரே திரண்டு வந்தது. இரண்டாம் வருடம் பங்குனி மாதத்துக் கூட்டத்துக்கு நாற்பது லட்டு வாங்கி வைத்துக் காத்திருந்தார். மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் வாடகை நாற்காலிகளைத் திரும்ப எடுத்துப்போக வந்தவர்.

சிவசைலம் லட்டுப் பெட்டியோடு டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"டாக்டர், ஒரு கேள்வி."

"கையில என்ன, லட்டா?"

"கேள்விக்கு அப்புறம் லட்டு."

"சரி, அங்க வைங்க. இதக் கொஞ்சம் பிடிங்க."

கம்பிவேலியில் மாட்டித் தொடை கிழிந்த ஒரு வெள்ளாடு. வாழ்நாள் முழுக்க நோட்டுக்கட்டைப் பிடித்த கை ஆட்டைப் பிடித்தது. ஆடு உதைத்தது, கத்தியது, அவர் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கடன் கேட்டு வந்தவரிடம் பேசுகிற குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் ஆடு அவர் முழங்கையில் தாடையை வைத்துக்கொண்டது. டாக்டர் தையல் போட்டு முடித்தார். போன் வந்தது. வாசலுக்குப் போய்விட்டார்.

ஆட்டுக்காரர் பக்கத்தில் வந்தார்.

"குடுங்க சார், நான் பிடிக்கேன். சட்டையெல்லாம் அழுக்காவுது."

"பரவால்ல."

"கை வலிக்கும் சார்."

"வலிக்கட்டும். இப்பதான் பழகிருக்கு. கை மாத்துனா மிரளும்."

ஆட்டுக்குச் சொந்தக்காரர் அவர்தான். ஆனாலும் பெரிய மனிதர் சொல்கிறாரே என்று பேசாமல் நின்றார்.

டாக்டர் வாசற்படியிலேயே சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போன் எப்போதோ முடிந்திருந்தது.

"இப்ப சொல்லுங்க அண்ணாச்சி. என்ன கேள்வி?"

"ஆட்கள் ஏன் வரமாட்டேங்காங்க? நான் என்ன குறை வச்சேன்? இன்னும் ரெண்டு மாசத்துல கச்சான் அடிச்சிரும். இப்படியே போனா குஞ்செல்லாம் நாய்க்குத்தான். என்ன செஞ்சா அவங்க வருவாங்க?"

"பதில் சொல்லியாச்சே."

"யார் சொன்னா? எப்ப?"

"ஆட்ட எறக்கி விடுங்க. அதுக்குக் காலு மரத்துப்போகும்."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தார். ஆட்டு வாடை லேசில் போகாது என்பது மட்டும் விளங்கியது.

அந்த வாரம் ஊர்க்கோயிலில் பங்குனித் திருநாள். ஆறாம் நாள் சாயங்காலம் டாக்டர் அவரை வரச்சொல்லியிருந்தார். சாமி புறப்படும் நேரம். பிராகாரத்தில் ஒரே சத்தம். திருநாளில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கு உரியது. அன்றைக்குச் செலவும் அவர்களுடையது, வேலையும் அவர்களுடையது. அதற்கு மண்டகப்படி என்று பெயர். ஆறாம் நாள் மண்டகப்படிக்காரர்கள் சூரத்திலிருந்தும் மும்பையிலிருந்தும் லீவு போட்டு வந்திருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாவையும் குடையையும் சுமந்து திரிந்தார்கள்.

ஒருவர் இடதுகையில் மாவுக்கட்டோடு, வலதுகையில் சுண்டல் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாரோ உதவிக்குப் போய் வாளியைத் தொட்டார்கள்.

"தொடாதிய. இது எங்க மண்டகப்படி."

"கையில கட்டோட எதுக்குச் செரமப்படுதிய?"

"எங்கப்பா காய்ச்சலோட தூக்குனாவ. எனக்குக் கட்டு ஒரு கேடா? வெலகுங்க."

சிவசைலம் வியந்துபோனார். "டாக்டர், சொந்தச் செலவுல ரயிலேறி வந்து வாளி தூக்குதாங்க. இவங்களுக்கு யார் நன்றி சொல்லுவா?"

"நீங்கதான் சொல்லுங்களேன்."

டாக்டர் விளையாட்டாகச் சொன்னார். சிவசைலம் நேராகப் போய்விட்டார். மாவுக்கட்டுக்காரரின் முன்னால் கைகூப்பி நின்றார்.

"ஐயா, உங்க சேவைக்கு ரொம்ப நன்றி."

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிவசைலத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"சார் வெளியூரா?"

சிவசைலம் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாவ?" என்று டாக்டர் கேட்டார்.

"வெளியூரான்னு கேட்டார்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் இலையிலிருந்த சுண்டலில் பாதியை அவருக்குத் தள்ளினார்.

"இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தீங்களா?"

"சுண்டல் நல்லா இருக்கும்னு கூட்டிட்டு வந்தேன்."

அவர் சாப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் டாக்டர் கேட்டார்.

"மொதமொதல்ல வராம நின்னது யாரு அண்ணாச்சி?"

"எஸ்தர் பாக்கியம். தையல்கடை வச்சிருக்காங்கல்ல, அவங்க. மடையடி மரத்துல வலைக்காவல் இருந்தாங்க. பழைய சேலையக் கிழிச்சு வலைக்கு ஓரம் தச்சதே அவங்கதான். நல்லா இருந்தவங்க, போன வைகாசியில திடீர்னு நின்னுட்டாங்க."

"ஏன்னு கேட்டீங்களா?"

"குரூப்புல மெசேஜ் போட்டேன்."

"பதில் வந்துதா?"

"கைகூப்புற படம் ஒண்ணு அனுப்புனாங்க."

"நேர்ல போங்க."

மறுநாள் போனார். எஸ்தர் பாக்கியம் தைத்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே சுவரில் சங்கம் கொடுத்த பாராட்டுப் பத்திரம் தொங்கியது. அதை மறைத்துக்கொண்டு இரண்டு ரவிக்கைகள் மாட்டியிருந்தன.

"வாங்க சார். உக்காருங்க" என்று ஸ்டூலில் கிடந்த துணியை எடுத்தார்.

"எஸ்தரம்மா, சங்கத்து மேல ஏதும் வருத்தமா?"

"சேச்சே. என்ன வருத்தம்?"

"பெறகு ஏன் வாரதில்ல?"

"கடையில வேல சார்."

மெஷின் ஓடியது. சிவசைலம் உட்கார்ந்தே இருந்தார். எழுந்து போகிற வழி தெரியவில்லை. ஒரு தையல் முடிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தபிறகு எஸ்தரே கேட்டார்.

"சார், அந்தக் குஞ்சு பறந்துச்சா?"

"எந்தக் குஞ்சு?"

"போன வருசம் மடையடி மரத்துல மொதல்ல விழுந்துச்சுல்ல. ஒரு காலு உள்பக்கமா வளஞ்சிருக்கும். நிக்கவே வராது. நான் துணியில சும்மாடு மாதிரி சுத்தி, அதுக்குள்ள உக்கார வச்சுதான் மீன் குடுப்பேன். அப்பந்தான் ஒரு நாள் தானா எந்திரிச்சு நின்னுச்சு. அன்னைக்குச் சாயங்காலம் என்ன வெடிக் குழுவுக்கு மாத்திட்டதா மெசேஜ் வந்துது."

"எல்லாருக்கும் எல்லா அனுபவமும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"மறுநா மனசு கேக்காம கொட்டகைக்குப் போனேன் சார். வாசல்ல இருந்த பிள்ள, அக்கா உங்க பேட்ஜ் செவப்பு, உள்ள விடக் கூடாதுன்னுச்சு. அதச் சொல்லிக் குத்தமில்ல, சின்னப்பிள்ள, சொன்னதச் செய்யுது. நான் வெளிய நின்னு எட்டிப் பாத்தேன். தெரியல. வந்துட்டேன்." மெஷின் சக்கரத்தைச் சும்மா தடவினார். "பறந்துச்சா சார்?"

சிவசைலத்துக்குத் தெரியவில்லை. எஸ்தருக்குப் பிறகு அந்தக் குஞ்சைப் பார்த்தவரும் அடுத்த மாதம் மாறிவிட்டார். அவருக்குப் பின் வந்தவர் எந்தக் குஞ்சுக்குக் கால் வளைந்திருந்தது என்று கேட்டிருக்கவே மாட்டார். எத்தனையோ குஞ்சுகள் பறந்தன. அது பறந்ததா?

"தெரியலம்மா" என்றார். சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

"சரி, விடுங்க. தெரியலேன்னா என்ன செய்ய? நானும் இந்த வருசம் பஸ்ல போகும்போதெல்லாம் கரையில நிக்கற நாரைங்க காலத்தான் பாக்கேன். பஸ்ஸு நிக்காம போயிருது." எஸ்தர் சிரித்துவிட்டு, "காப்பி சொல்லட்டுமா சார்?" என்றார்.

காப்பி வந்தது. அவரால் அதைக் குடிக்க முடியவில்லை.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் மதியச் சாப்பாட்டை முடித்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். எஸ்தர் சொன்னதையெல்லாம் கேட்டார். கேட்டு முடித்து, சம்பந்தமே இல்லாமல் ஒன்றைக் கேட்டார்.

"பேங்க்ல இருக்கும்போது நெறைய ஊரு பாத்திருப்பீங்க என்ன அண்ணாச்சி?"

"ஆமா. பெட்டியப் பிரிக்கதும் கட்டுததும்தான் பொழப்பு. என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் ஒரு வீட்டுலயும் சுவத்துல ஆணி அடிக்கல. எப்படியும் மாறுதல் வந்துரும்."

"எதுக்கு அப்படி மாத்துதாங்க?"

"அது முக்கியம் டாக்டர். ஒரே இடத்துல இருந்தா ஊர்க்காரங்ககூட ஒட்டுதல் வந்துரும். இவர் நம்மாளு, அவர் நம்மாளுன்னு தோணும். ஒட்டிரக் கூடாதுன்னுதான் மாத்துததே."

டாக்டர் டிபன் பாக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சொன்னது சிவசைலத்தின் காதிலேயே விழுந்திருந்தது.

டாக்டர் பாக்ஸை மூடிவிட்டு மெதுவாகக் கேட்டார். "ஒரு ஊருகூடவா ஒட்டல?"

"உடன்குடியில ஒரு வேப்பங்கன்னு வச்சேன். பிராஞ்சுக்குப் பின்னால. குடிச்ச மீதித் தண்ணியெல்லாம் அதுக்குத்தான் ஊத்துவேன். இடுப்பளவு வந்துச்சு. மாறுதல் வந்துருச்சு."

"இப்ப எப்படி இருக்கு?"

"போன வருசம் திருச்செந்தூர் போகும்போது எறங்கிப் பாத்தேன். அங்க கட்டடம் கட்டிட்டாங்க." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "ஒரு கன்னுதான டாக்டர்."

டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"எஸ்தர்கிட்ட மன்னிப்பு கேட்டுருதேன்" என்றார் சிவசைலம்.

"மன்னிப்பா? நன்றி மாதிரி அதுவும் வெளியூர்ச் சரக்குல்லா?"

"பெறகு என்னன்னு சொல்லிக் கூப்பிட?"

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நான் ஆஸ்பத்திரியப் பாக்கேன்."

"ஆளுக்கு ஒரு மரம்னு விட்டா எம்மரம் ஒம்மரம்னு சண்டை வராதா?"

"வரும். வந்தா ஒடனே சொல்லி அனுப்புங்க. லட்டு வாங்கிட்டு வாரேன்."

சித்திரை பிறந்தது. ஒரு நாள் காலையில் குளத்தங்கரையில் நின்றவரின் காதில், மேலே கிளையிலிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். மடையடி மரம். கழுத்து வலிக்கிறவரை பார்த்தார். பிறகு கடைத்தெருவுக்கு நடந்தார். பலசரக்குக் கடையில் கல்கண்டு வாங்கினார்.

எஸ்தரின் கடை அப்போதுதான் திறந்திருந்தது. சிவசைலம் வாசலில் நின்றே பொட்டலத்தை நீட்டினார். குழந்தை பிறந்த வீட்டிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ச் சொல்வார்களே, அதே குரலில் சொன்னார்.

"எஸ்தரம்மா, ஒங்க மரத்துல பிள்ள பெறந்திருக்கு."

எஸ்தர் கையில் இருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"எந்தக் கூட்டுல சார்?"

"எனக்கு அடையாளம் தெரியலம்மா. கெழக்குக் கெளையில சத்தம் கேக்குது. நீங்க வந்து பாத்துச் சொல்லணும்."

"கெழக்கயா? அங்க போன வருசம் ஒண்ணும் இல்லையே!" ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். செருப்பை மாட்டினார். கடைக்கதவைப் பாதி இழுத்துவிட்டு நின்றார். "எங்கிட்ட இருக்கது செவப்பு பேட்ஜு சார்."

"பேட்ஜெல்லாம் கழட்டியாச்சு. சொந்த மரத்தடிக்கு வர எதுக்கு பேட்ஜ்?"

எஸ்தர் அவரைப் பார்த்தார். கண் கலங்கியது. கல்கண்டைக் கடித்த சத்தம் கேட்டது.

அந்த வாரம் சிவசைலம் கல்கண்டும் கையுமாகத்தான் அலைந்தார். போன வருடம் ரெட்டை மரத்தடியில் காவல் இருந்த, லோடு ஆட்டோ ஓட்டுகிற பீர் முகம்மதுவின் வீட்டுக்குப் போனார். "ஒங்க ரெட்டை மரத்துல மூணு கூட்டுலயும் சத்தம் கேக்குது" என்றார். மீன் குழுவில் நிம்மதியாக இருந்து, வலைக்கு மாற்றப்பட்டு நின்றுபோனவர்களிடம் போய், "ஒங்க கொட்டகையில பாத்திரமெல்லாம் சும்மா கெடக்கு" என்றார். உதவி என்ற சொல்லையே எடுக்கவில்லை. நன்றி என்று வாய் வரை வந்ததையும் அங்கங்கே விழுங்கினார். பழக்கதோஷம், சுலபமாக இல்லை. கல்கண்டை வாங்கிக்கொண்டு வராமல் இருந்தவர்களும் உண்டு. இனிப்பு எல்லோருக்கும் பிடிக்கும், வெயில் அப்படியில்லை.

ஆனாலும் வந்தார்கள். அவரவர் மரத்தடியில் அவரவர் வலை கட்டினார்கள். ஊரில் அவர்களுக்கு மரத்துக்காரர்கள் என்று பெயர் விழுந்தது. கேலியாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அவர்களே அப்படிச் சொல்லிக்கொண்டார்கள்.

வைகாசியில் கச்சான் சொல்லிவைத்த மாதிரி வந்தது. மரங்கள் பேயாட்டம் ஆடின. முதல் நாளே குஞ்சுகள் விழுந்தன. வலைகள் தாங்கின. நாய்கள் கரையில் உட்கார்ந்து ஏமாந்தன.

நடுப்பகலில் சிவசைலம் டாக்டருக்குப் போன் செய்தார். மூச்சு வாங்கியது.

"டாக்டர், சண்டை!"

"எங்க?"

"மடையடி மரத்துக்கும் ரெட்டை மரத்துக்கும் நடுவுல ஒரு குஞ்சு விழுந்துருச்சு. எங்க மரத்துப் பிள்ளன்னு எஸ்தர் சொல்லுதாங்க. காத்து மேக்க இருந்துல்லா அடிக்கு, அப்ப எங்க மரத்துலருந்துதான் வந்திருக்கணும்னு பீர் முகம்மது சொல்லுதாரு. ஒருத்தரும் விட்டுக்குடுக்க மாட்டேங்காங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"இந்தா வாரேன்."

டாக்டர் லட்டுப் பெட்டியோடு வந்தார். அதற்குள் குஞ்சு கொட்டகைக்குப் போயிருந்தது. காலையில் பீர் முகம்மது மீன் கொடுப்பது, சாயங்காலம் எஸ்தர் கொடுப்பது என்று அவர்களே பேசி முடித்திருந்தார்கள். ஆனால் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

"அக்கா வாயில எப்பவும் நியாயம்தான்" என்றார் பீர் முகம்மது, லட்டை எடுத்துக்கொண்டே.

"நீங்க காத்தப் பாத்து ஆட்டோ ஓட்டுங்க, போதும்" என்றார் எஸ்தர், தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு.

டாக்டரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சிவசைலத்துக்குத்தான் இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

ஆனி முடிகிறவரை அப்படியே ஓடியது. கொட்டகையிலிருந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாக எழும்பிப் பார்த்தன, விழுந்தன, மறுபடி எழும்பின. பொதுப்பிள்ளை பறந்த அன்று எஸ்தரும் பீர் முகம்மதுவும் ஒரே கரையில் நின்று கைதட்டினார்கள். அதன் பிறகு பேச்சுவார்த்தை சரியாகிவிட்டது.

சாயங்காலங்களில் எஸ்தர் கரையில் நின்று நாரைகளின் கால்களைப் பார்ப்பார். சிவசைலமும் பக்கத்தில் வந்து நிற்பார்.

"அது வளஞ்சிருக்க மாதிரி இல்ல?"

"அது சேத்துல நிக்குது சார்."

"அங்க, அந்தக் கடைசி?"

"அது ஒத்தக்கால்ல தூங்குது. பாப்போம் சார். அடுத்த வருசமும் வருமில்லா."

ஆடி பிறந்தது. குளம் காலியானது. மரங்களில் வெறுங்கூடுகள் மட்டும் இருந்தன. சிவசைலம் கொட்டகைச் சாவியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் ஆடுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். வரிசை வாசல் வரை நின்றது.

"டாக்டர், ஒரு விஷயம்."

"சொல்லுங்க. இதப் பிடிச்சுக்கிட்டே சொல்லுங்க."

ஒரு கறுப்பு ஆட்டை அவர் கையில் கொடுத்தார். சிவசைலம் இப்போது தேறியிருந்தார். இடுப்போடு அணைத்துப் பிடித்தார்.

"செயலாளர் பதவி ரெண்டு வருசம்தான்னு நம்ம விதியில இருக்கு. விதி நான் எழுதுனதுதான். இந்த மாசத்தோட முடியுது. சட்டைப் பையில சாவி இருக்கு, எடுத்துக்கிடுங்க."

டாக்டர் சாவியை எடுத்துப் பார்த்தார். மருந்தை ஊசியில் ஏற்றினார்.

"பெறகு யார் பாப்பா?"

"யாராவது பாப்பாங்க. இப்ப என்ன கஷ்டம்? எல்லாரும் அவங்கவங்க மரத்தப் பாத்துக்கிடுதாங்க. நான் போய் நின்னாலும் நிக்காட்டாலும் ஒண்ணுதான்." ஆடு தலையை அசைத்தது. அவர் அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். "எல்லாருக்கும் ஒரு மரம் இருக்கு டாக்டர். நான் எந்த மரத்துக்காரன்? எப்படியும் மாறுதல் வாங்குன ஆளு. பழகிட்டேன். போயிருதேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். குரல்தான் ஒத்துழைக்கவில்லை.

டாக்டர் ஊசியைப் போட்டார். ஆடு ஒரு துள்ளு துள்ளி சிவசைலத்தின் மார்போடு ஒண்டிக்கொண்டது. வரிசையில் நின்ற ஒருவர் முன்னால் வந்து, "குடுங்க சார், நான் வாங்கிக்கிடுதேன்" என்று கையை நீட்டினார்.

டாக்டர் அவரைக் கையமர்த்தினார். சாவியை மறுபடி சிவசைலத்தின் சட்டைப் பையிலேயே போட்டார். ஆட்டைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பழகிருச்சு அண்ணாச்சி. கை மாத்துனா மிரளும்."